உடையால் அளக்கப்பட்ட பெண்கள்

ஒரு மனிதருடைய நடை உடை பாவனைகளைக் கொண்டு அவருடைய தொழிலையும் செல்வ நிலையையும் ஊகித்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம்; ஆனால் பெண்ணின் விஷயத்தில் அந்த ஊகம் அவ்வளவோடு நின்றுவிடுவதில்லை. அவள் கூந்தலை எவ்வளவு வளர்த்திருக்கிறாள், எப்படி நடக்கிறாள், எவ்வளவு உரக்கச் சிரிக்கிறாள் என்பவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, அவள் நல்ல பெண்தானா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தனக்கு உண்டென்று சமூகம் எண்ணிக்கொள்கிறது. ஆணை நாடாமல் பெண்ணையே நேசிக்கும் பெண்களுடைய வாழ்க்கையிலோ, அத்தீர்ப்பு வெறும் அபிப்பிராயமாக நில்லாமல், உத்தியோகத்தையும் குடும்பத்தையும், சில சமயம் சுதந்திரத்தையுமே பறிக்கும் தண்டனையாக மாறியிருக்கிறது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வாழ்ந்த லெஸ்பியன் பெண்களின் சரித்திரம் இதற்குத் தெளிவான சான்று. காவலர், முதலாளி, மருத்துவர், இறுதியில் சொந்தத் தோழியர் என்று பலரும் முறை வைத்துக்கொண்டு அப்பெண்களின் உடையைத் திருத்த முற்பட்ட அந்த வரலாற்றை ஊன்றிக் கவனிப்பவர்களுக்கு, உடையை மாற்றினால் மதிப்புத் தருவோம் என்று பேரம் பேசும் சமூகம் மெய்யான மதிப்பை ஒருநாளும் தருவதில்லை என்பது விளங்காமற் போகாது.

ஒருத்தி யாரிடம் காதல் கொள்கிறாள் என்பது ஒன்று. தன்னை உலகத்தின் முன் எவ்விதம் நிறுத்திக்கொள்ள விரும்புகிறாள் என்பது வேறொன்று. பெண்ணை நேசிக்கும் பெண்களில் கவுனும் உதட்டுச் சாயமும் விரும்பி அணிபவர்கள் உண்டு. தலைமயிரைக் குட்டையாக வெட்டி, சட்டையும் கால்சட்டையும் அணிவதிலே மனநிறைவு காண்பவர்கள் உண்டு. இவ்விரண்டு வகையிலும் அடங்காதவர்களும் உண்டு. ஆணை மணந்து வாழும் பெண்களிடையேயும் இதே வேறுபாடுகள் இருக்கத்தான் செய்கின்றன. எனினும் உலகம் காதலையும் தோற்றத்தையும் ஒன்றாகக் குழப்பி, ஆணுடை அணிந்தவளைக் கண்டால் அவள் ஆணாக மாற ஆசைப்படுகிறாள் என்றும், பெண்ணுடை அணிந்தவளைக் கண்டால் அவள் வழி தவறி வந்தவள், ஒரு நல்ல கணவன் வாய்த்தால் திருந்திவிடுவாள் என்றும் சொல்லிவந்தது. இரண்டு பேச்சும் அப்பெண்களின் மனத்தை அறியாதவர்களுடைய பேச்சு.

ஒருவர் தம் பாலுக்கு உரியதல்லாத உடையில் பொது இடத்தில் தோன்றுவது குற்றம் என்று அமெரிக்க நகரங்கள் பல பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விதி செய்துவிட்டன. ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரம் 1848இலும், மேற்குக் கடற்கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம் 1863இலும் இத்தகைய விதிகளை இயற்றின. சான் பிரான்சிஸ்கோவின் விதி 1974 வரையில் புத்தகத்தில் இருந்தது. உடம்பில் பெண்களுக்குரிய துணி மூன்றேனும் இருந்தால்தான் போலீஸார் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை அக்காலத்து லெஸ்பியன் பெண்களிடையே ஊரூராகப் பரவியிருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அந்த எண்ணிக்கை எழுதப்பட்டிருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் சனிக்கிழமை இரவில் வெளியே புறப்படுவதற்குமுன் தன் உள்ளாடையைக்கூட எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டிய அச்சத்தில் ஒரு பெண் வாழ்ந்தாள் என்பது மட்டும் முழு உண்மை.

அந்த அச்சம் ஒரு கலைஞரின் வாழ்க்கையை எப்படி வளைத்தது என்பதற்கு கிளாடிஸ் பென்ட்லியின் கதையே போதும். 1907இல் பிறந்த இந்தக் கறுப்பினப் பாடகி, நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியில், வெள்ளை நிறக் கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்து, பியானோவின்முன் அமர்ந்து, கனத்த குரலில் இரவெல்லாம் பாடிப் பெரும் புகழ் பெற்றார். பெண்களை நேசிப்பதை அவர் மறைத்துக்கொள்ளவில்லை. அந்த வெளிப்படையான துணிவே அவருடைய கலைக்கு ஒரு வசீகரத்தைத் தந்தது. பிறகு அவர் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். காலம் மாறிற்று, ஹார்லெமின் கொண்டாட்டங்கள் ஓய்ந்தன, தேசத்தில் சந்தேகமும் கெடுபிடியும் பெருகின. 1952இல் ‘எபனி’ என்னும் பத்திரிகையில், தாம் மருந்துகளால் குணமடைந்து மீண்டும் பெண்ணாகிவிட்டதாக அவர் பெயரால் ஒரு கட்டுரை வெளிவந்தது. கவுன் அணிந்து வீட்டு வேலைகள் செய்யும் அவருடைய படங்களும் கூடவே பிரசுரமாயின. பெண்மைக்கு அத்தாட்சியாக வீட்டு வேலையைக் காட்ட நேர்ந்த அப்பக்கங்களைப் பார்க்கும்போது, அவரை அந்த நிலைக்குத் தள்ளிய காலத்தின் கொடுமையே நம் நெஞ்சை வருத்துகிறது.

இரண்டாம் உலக யுத்தம் இப்பெண்களின் வாழ்க்கையில் ஒரு பெரிய திருப்பத்தை உண்டாக்கியது. ஆடவர் போர்முனைக்குச் செல்ல, தொழிற்சாலைகளின் இயந்திரங்களைப் பெண்கள் ஏற்றார்கள். கால்சட்டை அணிந்து வேலைக்குப் போவதும், சொந்தக் கூலியைக் கையில் பெறுவதும், துணையின்றி இரவில் வெளியே செல்வதும் ஓரளவு சகஜமாயின. நியூயார்க் மாநிலத்தின் மேற்கு எல்லையிலுள்ள பஃபலோ என்னும் தொழில் நகரத்தில் அக்காலத்தில் வாழ்ந்த லெஸ்பியன் பெண்களின் நினைவுகளை, எலிசபெத் கென்னடியும் மாட்லின் டேவிஸும் 1970களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் நேரிற் கேட்டுத் தொகுத்து, 1993இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார்கள். படித்த உயர்குடிப் பெண்கள் தம் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் விட்டுச் சென்றிருக்க, எழுதிவைக்க நேரமோ வசதியோ இல்லாத தொழிலாளிப் பெண்களின் வாழ்க்கை மறைந்துபோகாமல் நமக்குக் கிடைத்தது அந்த உழைப்பினால்தான்.

அந்நூல் காட்டும் உலகத்தில் ஆண்மைச் சாயலுடைய பெண்ணை ‘புட்ச்’ என்றும், பெண்மைச் சாயலுடையவளை ‘ஃபெம்’ என்றும் அழைத்தார்கள். வார முழுதும் ஆலையில் உழைத்த புட்ச் பெண்கள், சனிக்கிழமை மாலையில் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையும் கோட்டும் அணிந்து, தலைமயிரைப் பின்னுக்கு வாரி, மதுக்கடைகளிலே தம்மவரைச் சந்திக்கப் போவார்கள். பிற பெண்களுக்கு அவர்கள் தோற்றமே ஓர் அடையாளம். தன்னைப்போல் உலகத்தில் வேறொருத்தி உண்டா என்று ஏங்கிக்கொண்டிருந்த இளம்பெண், தெருவில் ஒரு புட்ச் நடந்து செல்வதைக் கண்டுதான் தான் தனியல்ல என்று அறிந்துகொண்டாள். அந்த அடையாளத்துக்கு அவர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. கடைகளிலும் அலுவலகங்களிலும் அவர்களுக்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று. தெருவில் ஏச்சும் அடியும் கிடைத்தன. ஃபெம் பெண்ணின் பங்கும் சிறிதன்று. அவளுடைய தோற்றத்தால் அவளுக்கு நிலையான உத்தியோகம் கிடைத்தமையால், பல வீடுகளில் அடுப்பெரிந்தது அவளுடைய சம்பளத்தினால்தான். புட்ச் கணவன், ஃபெம் மனைவி என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். உள்ளே வாழ்ந்தவர்களோ, எந்தச் சம்பிரதாயத்திலும் சொல்லப்படாத ஒரு குடும்ப முறையைத் தாமே வகுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த உலகமும் எதிர்பார்ப்புகளற்ற சொர்க்கமாக இருக்கவில்லை என்பதை மறைத்தல் ஆகாது. ஒருத்தி புட்ச்சாகவோ ஃபெம்மாகவோ இருந்தே தீரவேண்டும் என்று தோழியரே வற்புறுத்தினார்கள். இரண்டிலும் சேராதவளை ‘கி-கி’ என்று அழைத்து ஐயத்தோடு பார்த்தார்கள். வெள்ளையருடைய மதுக்கடைகளில் மரியாதையான வரவேற்புக் கிடைக்காத கறுப்பினப் பெண்கள், தங்கள் இல்லங்களிலேயே விருந்துகள் நடத்திக் கூடினார்கள். நியூயார்க்கில் இளமையைக் கழித்த கவிஞர் ஆட்ரி லார்ட், அந்நாளைய பெண்கள் மதுக்கடைகளில் கறுப்பினத்தவராகவும் எந்தப் பாத்திரத்திலும் பொருந்தாதவராகவும் தாம் அனுபவித்த தனிமையை 1982இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்திருக்கிறார். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒடுக்குமுறை முளைக்கும் என்பது கசப்பான பாடம்; ஆனால் அதைச் சொல்லாமல் விடுவது அப்பெண்களுக்குச் செய்யும் உபகாரமாகாது.

1950களில் மருத்துவ உலகமும் அரசாங்கமும் இவர்கள்மேல் பாய்ந்தன. 1952இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் தன்பால் ஈர்ப்பும் ஒரு மனக்கோளாறாக இடம்பெற்றது. 1953 ஏப்ரலில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் பிறப்பித்த ஓர் உத்தரவு, மத்திய அரசாங்க உத்தியோகத்திலிருந்து இத்தகையவர்களை விலக்குவதற்கு வழி செய்தது. மதுக்கடைகளில் போலீஸார் திடீர்ச் சோதனை நடத்திப் பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும் வழக்கமாயிற்று. பிடிபட்டவர்களின் பெயர் பத்திரிகையில் வந்துவிட்டால், மறுநாளே வேலை போகும். வீட்டுக்காரர் குடியை எழுப்புவார். பெற்றோர் கதவை அடைப்பார்கள். குற்றம் எதுவும் செய்யாமலே ஒரு பெண்ணின் வாழ்வு ஒரே இரவில் சிதைந்துபோகக் கூடுமாயிருந்தது.

இந்த அச்சத்தின் நடுவேதான், 1955ஆம் ஆண்டில், சான் பிரான்சிஸ்கோவில் எட்டுப் பெண்கள் ஒரு வீட்டிலே கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். போலீஸாருக்கு அஞ்சாமல், வேடிக்கை பார்ப்பவர்களின் கண்ணில் படாமல், பெண்கள் ஒருவரோடொருவர் நடனமாட ஓர் இடம் வேண்டும் என்று பிலிப்பைன்ஸ் வமிசத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குத் தோன்றிய ஆசையே அதன் வித்து. ‘டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்’, அதாவது ஒரு பிரெஞ்சுக் கவிதை நூலில் வரும் பிலிட்டிஸ் என்ற பெண்ணின் புதல்வியர், என்று அதற்குப் பெயரிட்டார்கள்; கேட்பவர்களுக்கு ஏதோ சாதாரண மாதர் சங்கமாகத் தோன்ற வேண்டும் என்பதே எண்ணம். அந்த எட்டுப் பேரில் டெல் மார்ட்டின், ஃபிலிஸ் லயன் என்னும் இருவர் 1953 முதல் ஒரே வீட்டில் துணைவியராக வாழ்ந்தவர்கள். தங்கள் கண்முன் இருந்த இல்லறம் எல்லாம் கணவன் மனைவி இல்லறமாகவே இருந்தமையால், தொடக்கத்தில் தாங்களும் அந்தப் பாத்திரங்களையே ஏற்று நடந்து பார்த்ததையும், பின்னர் அவை தங்களுக்குப் பொருந்தாமல் நழுவிப்போனதையும் அவர்கள் 1972இல் வெளியிட்ட தம் நூலில் மனந்திறந்து எழுதியிருக்கிறார்கள்.

1956 அக்டோபரில் அச்சங்கம் ‘லேடர்’, அதாவது ஏணி, என்ற மாத இதழைத் தொடங்கியது. தட்டச்சு செய்து படியெடுத்த அந்த முதல் இதழ் இருநூறு பிரதிகளுக்கும் குறைவாகவே அச்சாயிற்று. ஆயினும் தேசமெங்கும் பெண்ணை நேசிக்கும் பெண்களுக்கென்று அது 1972 வரையில் வெளிவந்தது. ஆசிரியரான ஃபிலிஸ் லயன் ஆன் ஃபெர்குசன் என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கினார். ஆனால் அஞ்சாதிருங்கள் என்று வாசகியருக்குச் சொல்லிக்கொண்டு, தாம் மட்டும் புனைபெயருக்குப் பின்னால் மறைந்திருப்பது நேர்மையாகாது என்று உணர்ந்து, சில இதழ்களுக்குள்ளேயே அப்பெயரைத் துறந்து சொந்தப் பெயரை வெளியிட்டார். அந்நாளில் அது எத்தகைய துணிவு என்பதை எளிதில் அளவிட முடியாது.

இவ்வளவு துணிவுடைய சங்கமும் உடை விஷயத்தில் உலகத்துக்குப் பணிந்தது. சமூகம் ஏற்கத்தக்க நடத்தையையும் உடையையும் பெண்கள் மேற்கொள்ளும்படி தூண்டுவது தன் நோக்கங்களில் ஒன்று என்று இதழின் முன்பக்கங்களில் தொடர்ந்து பிரசுரித்தது. கால்சட்டை அணிவதானால் பெண்களுக்கென்று தைத்த கால்சட்டையாகவே இருக்க வேண்டும் என்று தன் கூட்டங்களுக்கு விதித்தது. இதைக் கோழைத்தனம் என்று நாம் இன்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமன்று. வேலை இழந்தவளுக்கு வேலை தேடித்தர வேண்டும், கைதானவளுக்கு வக்கீல் பிடிக்க வேண்டும், நோயாளி என்று சொன்ன மருத்துவரிடம் நாங்கள் நோயாளிகள் அல்ல என்று வாதாட வேண்டும் என்ற நிர்ப்பந்தங்களுக்கிடையில், குட்டை மயிரையும் ஆண் சட்டையையும் சற்றே ஒதுக்கி வைத்தால் உலகம் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் என்று அவர்கள் நம்பினார்கள். ஆனால் அந்த நம்பிக்கையின் சுமை சங்கத்திலே யார் தலைமேல் விழுந்தது? எந்தக் கூட்டத்திலும் தன்னை மறைத்துக்கொள்ள இயலாத புட்ச் பெண்ணின் தலைமேல்தான்.

அந்தப் பணிவின் பயனின்மையை அக்காலத்திலேயே கண்டுசொன்ன ஒரு குரல் உண்டு. 1957இல், தம் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் இட்டு, லோரெய்ன் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பின எழுத்தாளர் லேடர் இதழுக்குக் கடிதங்கள் எழுதினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய நாடகம் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் அரங்கேறி, அப்பெருமை பெற்ற முதற் கறுப்பினப் பெண் என்ற புகழை அவருக்குத் தந்தது. கால்சட்டை அணிந்து கைகோத்துத் தெருவில் செல்லும் பெண்களைக் கண்டு ஒதுக்கமாக வாழும் லெஸ்பியன் பெண் கூசுவதைக் குறித்து எழுதுகையில், ஆதிக்கம் செலுத்துபவர்களுக்குப் பிடித்தமாக நடந்துகொள்ளுங்கள் என்று சொந்த இனத்தாரே உபதேசம் செய்யும் சூழலில் வளர்ந்தவராதலால், அந்த உபதேசத்தின் மேலோட்டமான தன்மை தமக்குத் தெரியும் என்று அவர் விளக்கினார். சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் பன்ச், எவ்வளவு கல்வியும் பண்பும் உடையவராயினும், கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் நாட்டின் பல பகுதிகளில் ஒரு விடுதியில் அறையோ உணவோ மறுக்கப்படக் கூடும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். உடனடி அசௌகரியத்தைத் தணிக்க உடை உதவலாம் என்பதை அவர் மறுக்கவில்லை; வெறுப்பின் வேர் உடையில் இல்லை என்பதையே சுட்டினார்.

1960 மே மாதத்தில் அச்சங்கம் சான் பிரான்சிஸ்கோவில் தன் முதல் தேசிய மகாநாட்டைக் கூட்டியபோது, போலீஸார் வந்து, உள்ளே யாராவது ஆணுடை அணிந்திருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். டெல் மார்ட்டின் அவர்களை உள்ளே அழைத்துச் சென்று, அனைவரும் கவுனும் காலுறையும் குதியுயர்ந்த செருப்பும் அணிந்திருப்பதைக் காட்டினார். இத்தனை கவனமாக உடுத்திய பின்னரும் சந்தேகம் அவர்களைத் தேடி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நியூயார்க் கிளையைத் தொடங்கியவரும், பின்னர் லேடர் இதழின் ஆசிரியராக இருந்தவருமான பார்பரா கிட்டிங்ஸ், அக்காலத்து மகாநாடு ஒன்றைப் பற்றி நினைவுகூர்ந்திருக்கிறார்: வாழ்நாளெல்லாம் ஆணுடையிலேயே வாழ்ந்த ஒரு பெண்ணைப் பலவாறு சொல்லி இணங்க வைத்து, பெண்ணுடை அணிவித்து அழைத்து வந்தபோது, பெரிய வெற்றி கிடைத்ததுபோல் எல்லோரும் மகிழ்ந்தார்களாம், பிற்காலத்தில் அதை எண்ணினால் திகைப்பாயிருக்கும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த அரங்கத்தில் அத்தனை பேரும் மகிழ்ந்திருக்க, உடை மாற்றப்பட்டவளுடைய நெஞ்சில் என்ன இருந்தது என்று அன்று கேட்டவர்கள் இல்லை.

1965 முதல் வெள்ளை மாளிகையின் முன்பும் ஃபிலடெல்ஃபியாவின் சுதந்திர மண்டபத்தின் முன்பும் தன்பால் ஈர்ப்புடையவர்களின் உரிமை கேட்டுப் பகிரங்கமாக மறியல் செய்த வீரர்களும், பெண்கள் பாவாடையும் ஆண்கள் கோட்டும் அணிய வேண்டும் என்று விதித்துக்கொண்டார்கள். 1969 ஜூனில் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கடையில் போலீஸ் சோதனைக்கு எதிராகக் கலகம் வெடித்தபோதோ, முன்னணியில் நின்றவர்களில் பலர் அந்த விதிகளுக்கு என்றுமே அடங்காதவர்கள். கைவிலங்கிட்டு இழுத்துச் செல்லப்பட்ட, ஆண்தோற்றமுடைய ஒரு பெண் போலீஸாரை எதிர்த்துத் திமிறியதைப் பலர் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார்கள். மரியாதையான தோற்றத்தைக் காட்டி உரிமை கேட்ட காலம் அத்துடன் மங்கிற்று.

ஆயினும் புட்ச் பெண்ணின் சோதனை முடியவில்லை. 1970களில் எழுந்த பெண்விடுதலை இயக்கத்தைச் சார்ந்த லெஸ்பியன் பெண்களில் பலர், ஆணாதிக்கத்தை வேரறுப்பது என்ற மேலான நோக்கத்தோடு, புட்ச் ஃபெம் உறவைப் பழைய கணவன் மனைவி உறவின் நகல் என்று கண்டித்தார்கள். போலீஸாரிடம் அடிபட்ட மூத்த பெண்கள், விடுதலை பேசிய இளம் தோழியரிடம் பிற்போக்காளர் என்ற பெயரும் வாங்கினார்கள். அதற்கு மறுமொழி கூறியவர்களில் ஜோன் நெஸ்ல் முதன்மையானவர். லெஸ்பியன் பெண்களின் கடிதங்களையும் படங்களையும் பாதுகாக்கும் ஆவணக் காப்பகத்தை 1970களில் தோழியரோடு சேர்ந்து நிறுவி, அதைப் பல ஆண்டுகள் தம் சொந்த இல்லத்திலேயே வைத்துக் காத்தவர் அவர். தாமே ஒரு ஃபெம் என்ற முறையில், 1950களின் அப்பெண்கள் யாரையும் நகலெடுக்கவில்லை, ஆபத்தின் நடுவே தம் ஆசையைப் பகிரங்கமாக அணிந்து நடந்தார்கள், அது ஒரு வீரம் என்று அவர் 1980களின் தொடக்கத்தில் எழுதினார். லெஸ்லி ஃபைன்பெர்க் 1993இல் வெளியிட்ட நாவல், பஃபலோவின் ஆலைகளிலும் மதுக்கடைகளிலும் வாழ்ந்த புட்ச் ஒருவரின் துன்பத்தைக் கதையாக்கி, பெண் என்றோ ஆண் என்றோ எளிதில் அடங்காத வாழ்வுகளும் உண்டு என்பதைப் பல்லாயிரம் வாசகர்களுக்கு உணர்த்தியது.

டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லயனும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒன்றாகவே வாழ்ந்தார்கள். 2004 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அத்தகைய திருமணங்களைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. 2008 ஜூன் 16ஆம் நாள் சட்டப்படி மீண்டும் மணந்தார்கள். அதற்குப் பின் மூன்று மாதம் நிறைவதற்குள் 87 வயதில் டெல் காலமானார். இரண்டு திருமணங்களிலும் அவர்கள் அணிந்திருந்தது கால்சட்டையும் மேற்கோட்டும்தான். அந்த உடைகள் இன்று அந்நகரத்திலுள்ள ஜிஎல்பிடி சரித்திரச் சங்கத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.

இந்தச் சரித்திரத்தில் சமூகம் அப்பெண்களிடம் கேட்டது ஒவ்வொரு காலத்திலும் வேறு வேறு. கேட்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்ற எண்ணம் மட்டும் மாறவேயில்லை. கவுன் அணிந்தபோதும் போலீஸார் வந்தார்கள். அடக்கமாக எழுதியபோதும் மருத்துவர் நோயாளி என்றார். அந்த நோய்ப் பட்டியலிலிருந்து தன்பால் ஈர்ப்பு 1973இல் நீக்கப்பட்டதற்குக் காரணம், மறைந்து வாழ்ந்தவர்களின் மௌனமன்று, எதிரே நின்று வாதாடியவர்களின் விடாமுயற்சி. ஆகவே, நம் வீட்டிலோ தெருவிலோ அலுவலகத்திலோ உள்ள ஒரு பெண், நாம் எதிர்பார்த்த வண்ணம் உடுக்காமலும் நடக்காமலும் இருந்தால், அவளைத் திருத்துவதற்குமுன் அவள் யாருக்கு என்ன தீங்கு செய்தாள் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது அறிவுடைமை. அவள் யாரை நேசிக்கிறாள் என்பதை அவள் சொன்னால் கேட்கலாம். சொல்லாவிட்டால் அவள் உடையிலிருந்து அதைத் துருவி எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. பிறருக்குப் பிடித்த தோற்றத்தில் வந்தால்தான் கிடைக்கும் என்பது சலுகையாகுமேயன்றி உரிமையாகாது. எல்லாரினும் எளிதில் அடையாளம் காணப்படுகிற பெண் எவ்வித நிபந்தனையுமின்றித் தலைநிமிர்ந்து வாழ முடிகிற இடத்தில்தான், மற்றப் பெண்களின் சுதந்திரமும் உறுதிப்படுகிறது.